குடும்பம் நடத்திக்கொண்டே வீட்டோடு ஓர் அறை கட்டுவது: மலையக வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கல் வைக்கவும் தகரம் அடிக்கவும் சொல்லித்தர இலங்கை மலையகத்தின் எல்லாத் தேயிலைத் தோட்டத்திலும் ஆள் உண்டு. அந்த நாட்களில் எங்கே சமைப்பது, பிள்ளை எங்கே உட்கார்ந்து படிப்பது, பாட்டி இரவில் கக்கூசுக்கு எந்தப் பக்கமாகப் போவது என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. லயத்துக் காம்பராவிலோ (தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையிலோ) 7 பேர்ச் காணியில் கட்டிய 550 சதுர அடி வீட்டிலோ இருந்துகொண்டே பக்கத்தில் ஓர் அறை எழுப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது அறை தரை, சுவர், கூரை, கதவு எல்லாம் முடிந்து தனியாகப் பூட்டக்கூடிய நிலைக்கு வரும்வரை பழைய வீட்டின் ஒரு கல்லையும் தொடாதீர்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒழுங்கில்தான் வருகின்றன.

1. அறை யாருக்கு என்று முதலில் பேசி முடியுங்கள்

‘ஓர் அறை போடுவோம்’ என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆனால் அம்மா மனதில் இருப்பது புகை போகும் குசினி. மகள் நினைப்பது கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஓர் இடம். கொழும்பில் வேலை செய்யும் மகன், கல்யாணத்துக்குப் பிறகு தனக்கு என்று நினைத்திருப்பான். அத்திவாரம் வெட்டிய பிறகு இது வெளியே வந்தால் சண்டைதான். குசினி என்றால் தண்ணீர்க் குழாயும் கழிவு நீர் போகும் கானும் வேண்டும், படுக்கை அறை என்றால் வேண்டாம். ஆக இது கட்டுமானக் கேள்வியும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். கொழும்பில் இருப்பவரைப் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு வாசலில் கயிறு கட்டி, அறையின் அளவைத் தரையில் சுண்ணாம்பால் போட்டு, அதற்குள் பாயை விரித்துப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது கடதாசியில் ஒரு மாதிரியும் கட்டிலைப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரியும் இருக்கும்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

எல்லா மலைக்கும் ஒரே நேரத்தில் வெயில் அடிப்பதில்லை. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவ மழை. அங்கே வேலைக்கு உகந்தது ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் கிட்டத்தட்டத் தலைகீழ். வடகீழ் மழை டிசம்பர், ஜனவரியில் பிடிக்கும், காய்ந்த காலம் ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை. ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் இரண்டு பக்கமும் பின்னேரமானால் இடியோடு கொட்டும்.

பெரியவர்களின் பஞ்சாங்கம் இதோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முட்டுகிறது என்பதையும் பாருங்கள். மார்கழியில் தொடங்க மாட்டோம் என்பார்கள். ஹட்டன் பக்கத்துக்கு அது நல்லதுதான்: தை பிறந்ததும் கல் நட்டால் வெயில் காலம் முழுதும் கையில் இருக்கும். பதுளைப் பக்கத்துக்குத்தான் சிக்கல். ஆடி மாதம் காய்ந்த காலத்தின் நடுவில் வந்து நிற்கும். ஆடியில் புதிதாகத் தொடங்கத்தான் மறுப்பார்கள், தொடங்கிய வேலையைத் தொடர்வதை யாரும் தடுப்பதில்லை. வைகாசிக் கடைசியில் நல்ல நேரம் பார்த்து ஒரு கல்லை நட்டுவிடுங்கள். தாத்தாவோடு வாதம் பண்ணிக்கொண்டிருப்பதைவிட இது சுலபம்.

வீட்டில் யாராவது அந்த வருடம் புலமைப்பரிசில், சாதாரண தரம் அல்லது உயர்தரம் எழுதுகிறார்களா? அப்படியென்றால் பரீட்சை முடியும் வரை பொறுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அறை அடுத்த வருடமும் கட்டலாம். இன்னொன்று, மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டம் என்றால் உதவிக்கு வரும் இளந்தாரிகள் இரவெல்லாம் கூத்தில் இருப்பார்கள். அந்த நாட்களில் கூரை ஏறும் வேலையை வைக்காதீர்கள்.

3. மண்ணும் அனுமதியும்

பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் பிரதேச சபையின் அனுமதியும் தேவை. ஓர் அறைக்கு எதற்கு இவ்வளவு என்று தோன்றும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்த இடம் முன்பே எச்சரிக்கப்பட்டிருந்த இடம். அதற்குப் பிறகும் அறிக்கை வெறும் கடதாசிதானே என்று சொல்வது நமக்கு அழகில்லை.

லயத்தில் இருப்பவர்கள் தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. இன்றைய துரை சரி என்பார், அடுத்த துரை வந்து ‘யாரைக் கேட்டுக் கட்டினாய்’ என்பார். தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கடிதத்தைக் கொடுத்து, பிரதியில் ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் காணிகள் பெரும்பாலும் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தியவை. வீட்டின் பின்பக்கம் வெட்டிய மேடு, முன்பக்கம் நிரப்பிய மண். பின்பக்கம் இடம் போதவில்லை என்று மேட்டை இன்னும் கொஞ்சம் செதுக்குவதுதான் மலையகத்தில் நடக்கும் மிக ஆபத்தான வேலை. மேட்டின் அடி போனால் மேல் மண் எதன்மேல் நிற்கும்? மேட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்பதை அறிக்கையிலேயே கேட்டு வாங்குங்கள். முன்பக்கம் கட்டினால் உயிர் ஆபத்து குறைவு, செலவு கூட. நிரப்பு மண்ணில் அத்திவாரம் நிற்காது, பழைய இறுகிய மண் வரும் வரை கீழே போக வேண்டும். கடப்பாரையால் குத்தும்போது சத்தம் மாறும், மண்ணின் நிறமும் மாறும். அனுபவமுள்ள பாஸ் (மேசன்) ஒருவர் அந்த இடத்தைக் காட்டிவிடுவார்.

அத்திவாரத்துக்கு முன்னாலேயே மேட்டின் தலையில் ஒரு கான் வெட்டி, மேலிருந்து வரும் மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். தேயிலை மலையில் கான் வெட்டத் தெரிந்தவர்கள் நாம், சொந்த வீட்டுக்குத்தான் மறந்துவிடுகிறோம். கட்டும் காலம் முழுக்க நேர்ச் சுவருள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வையுங்கள். 24 மணி நேரத்தில் அதில் ஏழரை சென்ரிமீற்றர், அதாவது 75 மில்லிமீற்றர் நீர் சேர்ந்தால் வேலையை நிறுத்தி விழிப்பாக இருங்கள். 100 ஆனால் கிளம்பத் தயாராகுங்கள். 150 ஆனால் வெளியேற வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இறுகிப்போய்த் திறக்காத கதவு, இவற்றில் எதைக் கண்டாலும் மழை அளவு பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

4. காசை எந்த ஒழுங்கில் செலவழிப்பது

கூரைக்கான காசைத் தனியாக ஒதுக்கி வைத்த பிறகே சுவரைத் தொடங்குங்கள். அரைச் சுவரில் காசு தீர்ந்து, மழையில் பாசி பிடித்து நிற்கும் அறைகளை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கலாம். தரைக்கும் பூச்சுக்கும் பிறகு தேடிக்கொள்ளலாம், கூரை இல்லாத சுவர் ஒரு பருவ மழைக்குத் தாங்காது.

காசு வரும் வழிகளில் சீட்டு நல்லது. வேலை தொடங்கும் மாதத்தில் உங்கள் முறை வரும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதியில் 10 வருடச் சேவையும் கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபாயும் இருந்தால், வீட்டு வேலைக்கு 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்க வழி உண்டு. விண்ணப்பம் முடிந்து காசு கைக்கு வர நாள் ஆகும், ஆகவே முதலில் அதைப் போட்டுவிடுங்கள். தீபாவளி முற்பணத்தைக் கட்டிட வேலையில் போடுவதை நான் விரும்புவதில்லை. பிள்ளைகளுக்கு ஒரு தீபாவளி இருக்கட்டும். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் பக்கம் போகவே வேண்டாம்.

5. பொருளும் கணக்கும்

நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் எட்டரை அடி என்று ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பழைய வீட்டுப் பக்கம் தவிர மூன்று சுவர்: 32 அடி நீளம், 272 சதுர அடி. கதவு யன்னலுக்கு 40 கழித்தால் 232. 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் உள்ள புளொக் கல் என்றால் 100 சதுர அடிக்கு சுமார் 112 கல் போகும். 260 கல், உடைவுக்குச் சேர்த்து 275. தரைக்கு மூன்று அங்குலக் கொங்கிறீட் போட்டால் 30 கன அடி, ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு கலவையில் ஐந்து முதல் ஆறு மூட்டை சீமெந்து. மணல் கியூப் கணக்கில் வரும், ஒரு கியூப் 100 கன அடி. கொட்டிய இடத்திலேயே நீளம், அகலம், உயரம் அளந்து பாருங்கள். லொறிக்காரர் கோபப்பட்டால் பரவாயில்லை.

லொறி வீட்டு வாசல் வரை வருமா என்பதுதான் பெரிய கேள்வி. ரோட்டில் கொட்டி அங்கிருந்து தலைச்சுமையாக ஏற்ற வேண்டிய இடங்களில் சுமைக்கூலி கல்லின் விலையோடு போட்டி போடும். விலை கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள். சீமெந்தை மட்டும் மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். நம் பனியில் கொஞ்ச நாளிலேயே கட்டியாகிவிடும். அந்தக் கிழமைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, பலகை மேல் அடுக்கி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, சுவரில் படாமல் வையுங்கள்.

6. வேலை நடக்கும்போது வீடு நடப்பது

*குசினி.* பெரும்பாலும் புது அறை வருவது குசினிப் பக்கம்தான். முதல் நாள் வேலைக்கு முன் அடுப்பை இடம் மாற்றுங்கள். இஸ்தோப்பின் ஓரத்தில் நாலு கல்லடுக்கி, மேலே தகரம் சாய்த்தால் விறகடுப்பு தயார். காஸ் அடுப்பு இருந்தால் உள்ளே, யன்னல் ஓரமாக. காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகும் முன் பகல் சாப்பாட்டையும் சமைத்துவிடும் வீடு நம்முடையது. அந்த ஒரு மணி நேரத்துக்கு அடுப்பும் தண்ணீரும் வெளிச்சமும் கைக்கு எட்ட வேண்டும். அது கெட்டால் நாள் முழுதும் கெடும்.

*பாஸின் சாப்பாடு.* கூலி பேசும்போதே சாப்பாட்டோடா, இல்லாமலா என்று பேசுங்கள். வீட்டுப் பெண் கொழுந்து பறிக்கப் போகிறவர் என்றால் சாப்பாடு இல்லாமல் என்றே பேசுங்கள். சில நூறு ரூபாய் கூடப் போகும், போகட்டும். தேத்தண்ணி மட்டும் நம் பொறுப்பு. பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போகலாம்.

*மலைக்குப் போய் வந்த பிறகு மண் சுமப்பது.* இதை வெளிப்படையாகவே சொல்கிறேன். நாள் முழுக்க முதுகில் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய பெண்ணை, பின்னேரம் தாச்சியில் மணல் அள்ளவைப்பது உதவி இல்லை, கொடுமை. ‘அவளே கேட்டுத்தான் வந்தாள்’ என்பார்கள். வீடு சீக்கிரம் முடியட்டும் என்று வருகிறார், உடம்பு தாங்கும் என்பதற்காக அல்ல. சுமக்கும் வேலைகளை ஞாயிற்றுக்கிழமைக்கும், லீவில் வரும் பிள்ளைகளுக்கும் ஒதுக்குங்கள். கொழும்பிலிருந்து மகன் பொங்கலுக்கு வருவது ஹட்டன் பக்கத்துக்குக் கணக்காக இருக்கும். சித்திரை வருடப் பிறப்பு லீவை நம்பிக் கூரை வேலை வைத்தால் பின்னேர மழையில் எல்லாரும் உள்ளே உட்கார்ந்து கரம் விளையாடுவார்கள்.

*பாஸிடம் பேசுவது ஒருவர் மட்டும்.* காலையில் கணவர் ஒன்று சொல்லிவிட்டுப் போவார். பத்து மணிக்கு மாமியார் வந்து, ‘பாஸ், அந்த யன்னல கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்களேன், சாமி படம் வைக்க இடம் வேணுமே’ என்பார். பாஸ் யார் பேச்சைக் கேட்பார்? இரண்டையும் கேட்டுவிட்டு, கூலியைக் கூட்டுவார். யாருக்கு என்ன வேண்டும் என்றாலும் இரவில் வீட்டுக்குள் பேசி, காலையில் ஒருவர் வாயால் மட்டும் போகட்டும்.

*படிப்பு.* மாலை ஆறிலிருந்து எட்டு வரை சுத்தியல் சத்தம் இல்லை என்று ஒரு சட்டம் போடுங்கள். எப்படியும் ஆறேகாலுக்கு இருட்டிவிடும், நட்டம் ஒன்றும் இல்லை. பிள்ளைகளைச் சும்மா விரட்டாமல் வேலை கொடுங்கள். வந்த கல்லை எண்ணுவது, ஆணி பொறுக்குவது, காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் அடிப்பது எல்லாம் அவர்களுக்கு ஏற்றவை. சீமெந்துக் கலவையில் மட்டும் கைவைக்க விடாதீர்கள், தோல் வெந்துவிடும். கண்ணில் பட்டால் கசக்காமல் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்கு. கைக்குழந்தை இருந்தால் வேலை நேரத்தில் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தை பராமரிப்பு நிலையத்தில்) விடுவது நல்லது.

*முதியவர்கள்.* கக்கூசுக்குப் போகும் பாதையில் எதையும் அடுக்காதீர்கள். வெட்டிய குழியை இரவில் பலகையால் மூடி, பாதையில் ஒரு பல்பு எரியட்டும். அதற்கான வயரை ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவு வந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச்) உள்ள இணைப்பிலிருந்து எடுங்கள். ஈரத் தரையில் ஒட்டுப் போட்ட வயர் கிடந்தால் உயிருக்கு ஆபத்து.

*அயல்.* காய்ந்த காலத்தில் கட்டுகிறோம், அதே காலத்தில்தான் பீலியில் (லயத்தார் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் இடத்தில்) தண்ணீர் மெலிந்து வரும். காலை ஆறு மணிக்கு லயமே குடத்தோடு நிற்கும்போது நீங்கள் கொங்கிறீட்டுக்குப் பீப்பாய் நிரப்பினால் அடுத்த பத்து வருடத்துக்கு அந்தப் பேச்சு நிற்காது. எல்லாரும் பிடித்து முடிந்த பிறகு, இரவில் குழாய் போட்டு நிரப்புங்கள், பீப்பாயை மூடியும் வையுங்கள். உங்கள் புதுக் கூரைத் தண்ணீர் யார் வாசலில் விழும் என்பதையும் கட்டுவதற்கு முன்பே பக்கத்து வீட்டாரோடு நின்று பாருங்கள்.

சடங்கு, சாவு எதுவும் நம்மைக் கேட்டு வராது. சொந்தக்காரர் நாலு பேர் திடீரென்று வந்தால் உட்கார வைக்க, பழைய வீட்டில் ஓர் இடத்தையாவது சாமான் அடுக்காமல் சுத்தமாக வைத்திருங்கள்.

7. அத்திவாரம் முதல் கூரை வரை

அத்திவாரக் கருங்கல் கட்டு முடிந்ததும் அதன் மேல் டிபிசி என்று பாஸ் சொல்லும் ஈரத்தடுப்புப் படையைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். செலவைக் குறைக்கலாம் என்று விடுகிறவர்கள் உண்டு. நம் ஊர்ப் பனிக்கு அந்தச் சுவர் ஆயுள் முழுக்க நனைந்தே இருக்கும்.

புதுச் சுவரைப் பழைய சுவருக்குள் கல்லோடு கல் கோத்துக் கட்டாதீர்கள். பழைய வீடு இறங்கி முடிந்தது, புதியது இன்னும் இறங்கும். கோத்துக் கட்டினால் மூலையில் வெடிக்கும். புது அறைக்குத் தனித் தூண், நடுவில் அரை அங்குல இடைவெளி, கடைசியில் அதை இளகிய பூச்சால் அடைப்பது போதும். லயத்தில் இது இன்னும் முக்கியம், பழைய சுவர் பக்கத்து வீட்டுக்கும் சொந்தமானது.

சுவரையும் கொங்கிறீட்டையும் குறைந்தது ஏழு நாள் ஈரமாக வைக்க வேண்டும். பனி இருக்கிறதே என்று விடாதீர்கள், நடுப்பகல் வெயிலில் காய்ந்துவிடும். நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் கொங்கிறீட் மெதுவாகத்தான் இறுகும். கதவு யன்னலுக்கு மேலே வரும் கொங்கிறீட் விட்டமான லிண்டலின் அடிப்பலகையை இரண்டு கிழமையாவது கழற்றாதீர்கள், பாஸ் அவசரப்பட்டாலும்.

சாய்ப்புக் கூரை பழைய வீட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும், மேல் ஓரம் பழைய கூரையின் இறக்கத்துக்குக் கீழே ஓர் அடியாவது உள்ளே போக வேண்டும். தூண்களிலிருந்து கம்பியை மேலே நீட்டிவிட்டு அதில் வளை மரத்தைக் கட்டுங்கள். தென்மேல் காற்றுக்குத் தகரத்தின் மேல் கல்லும் டயரும் வைத்துச் சமாளிக்கிற பழக்கத்தை இந்தக் கூரையிலாவது விடலாம். வாஷரோடு திருகாணி போட்டால் காற்று எளிதில் தூக்காது. பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை வெட்ட நேர்ந்தால் நனைத்து, கைவாளால், முகமூடியோடு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வெட்டுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. முடிந்தால் வெட்டாமலே பாருங்கள். மெஷினோடு வேலை தொடங்கும் முன் பக்கத்து மரங்களில் குளவிக் கூடு இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்ப்பதும் நல்லது.

8. கடைசியில் சுவரை உடைப்பது

தரை, பூச்சு, கதவு, யன்னல், மின்சாரம் எல்லாம் முடிந்த பிறகே பழைய வீட்டிலிருந்து வாசல் வெட்டுங்கள். உடைப்பதற்கு முன் மேலே லிண்டல் வைக்க வேண்டும். முதலில் மேல் வரியில் சிறிதாக வெட்டி, முட்டுக்கொடுத்து, லிண்டல் வைத்து, அது இறுகிய பிறகே கீழே உடைப்பது. சனிக்கிழமை தொடங்கினால் தூசி முழுவதும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கழுவித் துடைக்கலாம். உடைக்கும் இடத்தின் இரண்டு பக்கமும் ஈரச் சீலை தொங்கவிட்டு, அரிசி, மா, உடுப்பு எல்லாவற்றையும் மூடி, இழைப்பு உள்ளவரை அன்றைக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பால் காய்ச்சியதும் அன்றிரவே அங்கே படுக்க ஆசை வரும். பூச்சு வெளிறிக் காயும் வரை, கைக்குழந்தையும் நெஞ்சுச் சளிக்காரரும் பழைய அறையிலேயே படுக்கட்டும். பகலில் யன்னலைத் திறந்து வைத்தால் தானாகக் காயும். சீக்கிரம் காய வேண்டும் என்று கரிச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். குளிருக்கு வைத்துப் படுப்பதும் கூடாது. அதில் வரும் வாயுவுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். நிறம் அடிப்பதை அடுத்த காய்ந்த காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

9. முதல் பெரிய மழை

மழை கொட்டும்போது ஒருமுறை, விட்ட பிறகு ஒருமுறை சுற்றி வாருங்கள். இரண்டு கூரையும் சேரும் இடம், பழைய சுவரோடு ஒட்டும் மூலை, மேட்டின் தலையில் வெட்டிய கான், கூரைத் தண்ணீர் விழும் இடம், இந்த நான்கையும் பார்த்தால் போதும். தண்ணீர் விழுந்து மண் குழிந்தால் அங்கே உடைந்த புளொக் கல்லைப் பரப்புங்கள், மீதிக் கல்லுக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. மூலையில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் பென்சிலால் அதன் இரு முனையிலும் கோடு போட்டுத் திகதி எழுதி வையுங்கள். அடுத்த மாதமும் அதே கோட்டுக்குள் நின்றால் பூசி மூடிவிடலாம். கோட்டைத் தாண்டி நீண்டால் பூச வேண்டாம், பாஸையும் பிரதேச சபை ஆளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.